விரல் அறிந்ததும் அறிவுதானா?

கடலுக்கடியில் பர்கர் சுடும் ஸ்பாஞ்ச்பாபும், காற்றை ஆளும் மொட்டைத்தலைச் சிறுவன் ஆங்கும், காட்டு விலங்குகளைப் படம்பிடிக்க உலகம் சுற்றும் நைஜல் தோர்ன்பெர்ரியும் ஒரே மேடையில் ஏறி அடித்துக்கொள்ளும் கேம் ஒன்று 2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்தது. பெயர் 'நிக்கலோடியன் ஆல்-ஸ்டார் பிரால்'. ஸ்வீடனின் லுடோசிட்டியும் கோஸ்டாரிகாவின் ஃபேர் பிளே லேப்ஸும் சேர்ந்து உருவாக்கியது. பார்த்த மாத்திரத்தில் சிறுபிள்ளை விளையாட்டு என்றே தோன்றும். லேசான அடிக்கு ஒரு பட்டன், பலத்த அடிக்கு ஒன்று, அந்தந்தப் பாத்திரத்துக்கே உரிய சிறப்பு அடிக்கு ஒன்று; குதிக்க, தடுக்க, பிடித்து எறிய இன்னும் மூன்று. புதிதாக ஆட வருபவருக்கு இந்தப் பட்டியல் அரைமணி நேரத்தில் மனப்பாடமாகிவிடும். ஆனால் பழகிய ஒருவர் எதிரே வந்து நின்றால் அவரால் மேடையில் கால் ஊன்றவே முடியாது. பட்டன்கள் இருவருக்கும் ஒன்றுதான், விதிகளும் ஒன்றுதான். கேட்டால் புதியவர் விதிகளை வரிசையாக ஒப்பித்துவிடுவார்; பழகியவரோ தாம் செய்வதில் பாதியைச் சொல்லத் திணறுவார்.

பழகியவரிடம் கூடுதலாக இருப்பது என்ன? அதை அறிவு என்று மதிக்கலாமா, பழக்கதோஷம் என்று ஒதுக்கிவிடலாமா? தத்துவத்தில் இது நெடுநாளைய வழக்கு. அந்த வழக்கை விசாரிக்க ஒரு கார்ட்டூன் சண்டை கேம் மிகப் பொருத்தமான இடம். சிற்பியின் கையையோ வீணைக் கலைஞரின் விரலையோ பற்றிப் பேசும்போது அவர்களுக்குத் தெரிந்த தகவல் எது, தகவலுக்கு அப்பாற்பட்டது எது என்று பிரித்துக் காட்டுவது கடினம். கேமிலோ எல்லாமே எண்ணால் ஆனது. தகவல் முழுவதையும் தாளில் எழுதிவிடலாம். எழுதி முடித்த பிறகும் எழுத்தில் சிக்காமல் எது நிற்கிறதோ, அதைத் தனியே எடுத்துப் பார்க்கலாம்.

'பிளாட்ஃபார்ம் ஃபைட்டர்' என்று அழைக்கப்படும் இந்த வகைக்கு அச்சாணி, 1999இல் ஜப்பானில் நின்டெண்டோ 64 கருவிக்காக வெளிவந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்'. ஹால் லேபரட்டரி நிறுவனத்தில் மசாஹிரோ சகுராய் வடிவமைத்தது. வழக்கமான சண்டை கேம்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்க்கோடு இருக்கும், அடி விழ விழக் குறையும், தீர்ந்தால் தோல்வி. சகுராய் அதைக் கவிழ்த்துப் போட்டார். அடி விழும்போது ஒரு சதவீத எண் ஏறும். எண் ஏற ஏற, அடுத்த அடி ஆளை இன்னும் தூரம் தூக்கி எறியும். மேடையைச் சுற்றியுள்ள கண்ணுக்குத் தெரியாத எல்லையைத் தாண்டிப் போனால்தான் ஓர் உயிர் போகும். 150 சதவீதம் வாங்கியவரும் எப்படியாவது விளிம்பைப் பிடித்துத் திரும்பிவிட்டால் ஆட்டத்தில் இருக்கிறார். 40 சதவீதத்திலேயே விளிம்பைத் தவறவிட்டவர் போய்விடுகிறார். ஆகவே அடிக்கக் கற்பது பாடத்தில் சிறு பகுதிதான். விழக் கற்பதும், விழுந்த இடத்திலிருந்து திரும்பக் கற்பதும், திரும்பி வருபவரை மறிக்கக் கற்பதும்தான் பெரும்பகுதி.

இந்தக் கேம்கள் நொடிக்கு 60 ஃப்ரேம் என்ற கணக்கில் ஓடுகின்றன. ஒரு ஃப்ரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. ஓர் அடி எத்தனையாவது ஃப்ரேமில் தாக்குகிறது, எத்தனை ஃப்ரேம் நீடிக்கிறது, முடிந்த பிறகு எத்தனை ஃப்ரேம் வேறெதுவும் செய்ய முடியாமல் மாட்டிக்கொள்ள நேர்கிறது என்பதையெல்லாம் ரசிகர்கள் காட்சியை ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். இதற்கு 'ஃப்ரேம் டேட்டா' என்று பெயர். 2001இல் வந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ'யில் ஃபாக்ஸ் என்ற பாத்திரம் குதிப்பதற்கு முன் 3 ஃப்ரேம் மட்டுமே தரையில் பதுங்கும்; கனத்த பௌசருக்கு 8 ஃப்ரேம். ஃபாக்ஸின் 'ஷைன்' என்ற அடி முதல் ஃப்ரேமிலேயே தாக்கும். காற்றில் அடித்தபடியே கீழிறங்கும்போது, தரையைத் தொடுவதற்கு முந்தைய 7 ஃப்ரேமுக்குள் ஒரு பட்டனை அழுத்தினால், இறங்கியதும் ஏற்படும் தடுமாற்றம் பாதியாகக் குறையும். இதை 'எல்-கேன்சல்' என்பார்கள்.

இவை அனைத்தும் சொல்லில் அடங்கும் செய்திகள். உண்மை அல்லது பொய் என்று சரிபார்க்கலாம், தேர்வு வைக்கலாம், நூற்றுக்கு நூறு வாங்கலாம். நூறு வாங்கியவரால் ஓர் எல்-கேன்சலைக்கூடச் செய்ய முடியாமல் போகலாம்.

1945இல் லண்டன் அரிஸ்டாட்டிலியன் சொசைட்டியின் தலைமையுரையில் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி கில்பர்ட் ரைல் இந்த இடைவெளியைத்தான் எடுத்துக்கொண்டார். ஒன்று இன்னது என்று அறிவதும், ஒன்றைச் செய்ய அறிவதும் வெவ்வேறு என்பது அவர் வாதம். 1949இல் வந்த 'மனம் என்ற கருத்தாக்கம்' நூலில் அதை விரித்தெழுதினார். அவருடைய எதிரி, அறிவோடு செய்யும் எந்தச் செயலுக்கும் முன்னால் மனதுக்குள் ஒரு விதியைக் கலந்தாலோசிப்பது நடந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை. ரைல் கேட்டார்: இந்த நேரத்துக்கு எந்த விதி பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதும் ஒரு செயல்தானே? அதையும் புத்திசாலித்தனமாகவோ அசட்டுத்தனமாகவோ செய்யலாமே? அப்படியானால் அந்தத் தேர்வுக்கு முன்னால் இன்னொரு விதி வேண்டும், அதற்கு முன்னால் மற்றொன்று. இப்படியே போனால் செயல் தொடங்கவே தொடங்காது. எங்கோ ஓரிடத்தில், விதியைக் கேட்காமலே அறிவோடு இயங்கும் திறன் இருந்தாக வேண்டும்.

ரைல் தர்க்கத்தால் காட்டியதை ஃப்ரேம் கணக்கு காலத்தால் காட்டுகிறது. கண் எதிரே ஒன்று மாறியதும் மனிதர் எதிர்வினை செய்ய ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிநொடி ஆகும். அதாவது 12 முதல் 15 ஃப்ரேம். எல்-கேன்சலுக்குக் கிடைக்கும் அவகாசமோ 7 ஃப்ரேம், சுமார் 117 மில்லிநொடி. தரை நெருங்குவதைப் பார்த்து, விதியை நினைத்து, பிறகு அழுத்துவது என்ற வரிசைக்கு அங்கே இடமே இல்லை. பழகியவர் அழுத்துகிறார் என்றால், அவருக்குள் விதியைப் படிக்கும் ஒருவர் ஒளிந்திருந்து வேகமாகப் படிக்கிறார் என்று விளக்க முடியாது.

வேதியியலில் தொடங்கித் தத்துவத்துக்கு வந்த மைக்கேல் பொலான்யி 1958இல் சைக்கிளை எடுத்துக்காட்டினார். சாயும் பக்கமாக ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும், அந்த வளைவு வேகத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது சமநிலைக்கான இயற்பியல் விதி. சைக்கிள் ஓட்டும் பெரும்பாலோருக்கு அந்த விதி தெரியாது. தெரிந்துகொள்வதால் ஓட்ட வந்துவிடுவதும் இல்லை.

இந்த முடிவை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 2001இல் ஜேசன் ஸ்டான்லி, டிமோத்தி வில்லியம்சன் இருவரும் சேர்ந்தெழுதிய கட்டுரை ரைலை நேரடியாக எதிர்த்தது. அவர்கள் சொன்னது இது: சைக்கிள் ஓட்டத் தெரிவது என்றால், 'இதோ இந்த விதத்தில் ஓட்டலாம்' என்ற உண்மையை அறிந்திருப்பதுதான். அந்த உண்மை புத்தகத்தில் படித்ததுபோல் வராமல், செய்முறைக்குரிய வேறொரு தோற்றத்தில் ஓட்டுபவருக்குப் புலப்படுகிறது, அவ்வளவே வேறுபாடு. இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. ஏனெனில் பழகிய ஆட்டக்காரர் கற்றுக்கொடுக்கும்போது கன்ட்ரோலரைக் காட்டி 'இப்படி' என்றுதான் சொல்கிறார். அந்த 'இப்படி' எதையோ சுட்டுகிறது, அது சரியாகவோ தவறாகவோ இருக்கவும் முடிகிறது. ஆனாலும் சிக்கல் தீரவில்லை. செய்முறைக்குரிய அந்தத் தோற்றம் எப்போது ஒருவருக்குக் கிடைக்கும் என்று கேட்டால், அவருக்குச் செய்ய வந்த பிறகு என்பதைத் தவிர வேறு விடை கிடைப்பதில்லை. வாசலில் விரட்டிய விருந்தாளி கொல்லைப்பக்கமாக உள்ளே வந்துவிடுகிறார்.

ஆகவே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்பது நல்லது. விரலின் திறனை ஏன் அறிவு என்று சொல்ல வேண்டும்? கண் சிமிட்டுவதும் வேகமாகத்தான் நடக்கிறது, அதை யாரும் அறிவு என்பதில்லையே?

விடை எல்-கேன்சலிலேயே இருக்கிறது. காற்றில் வீசிய அடி எதிராளி மேல் பட்டால், பட்ட கணத்தில் இருவரும் சில ஃப்ரேம்கள் உறைந்து நிற்பார்கள். அடியின் கனத்தை உணர்த்த வைத்த நிறுத்தம் அது. அதனால் தரையிறங்கும் நேரம் தள்ளிப்போகும். அடி படாமல் வெறுங்காற்றில் போனால் நிறுத்தம் இல்லை. இறங்குவது முன்னதாகவே நடக்கும். பழகியவரின் விரல், அடி பட்டதா படவில்லையா என்பதற்கேற்ப அழுத்தும் நேரத்தை மாற்றிக்கொள்கிறது. படும் என்று நம்பி, படாமல் போனால், விரல் பிந்திவிடும், அவர் மாட்டிக்கொள்வார். அதாவது விரல் உலகத்தைப் பற்றி ஒரு கணிப்பை ஏந்தியிருக்கிறது. கணிப்பு பொய்த்தால் தோற்கிறது, திருத்தப்பட்டால் மேம்படுகிறது. கண் சிமிட்டல் எதையும் கணிப்பதில்லை, ஆகவே அதற்குப் பிழையும் இல்லை. பிழைபடவும் திருந்தவும் கூடிய ஒன்றுக்கு அறிவு என்ற தகுதியை மறுக்கக் காரணம் கிடையாது.

அந்தத் திறன் வந்து சேரும் வழியும் கவனிக்கத்தக்கது. 1980இல் ஸ்டூவர்ட், ஹூபர்ட் டிரைஃபஸ் சகோதரர்கள் அமெரிக்க விமானப்படைக்காக எழுதிய ஆய்வில், கற்பவர் முதலில் சூழலைப் பொருட்படுத்தாத விதிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், தேர்ச்சி வர வர விதியை விட்டுச் சூழலையே நேரடியாகப் படிக்கிறார் என்று காட்டினார்கள். 'வேவ்டேஷ்' என்ற நகர்வைக் கற்பவரிடம் இதைக் கண்கூடாகக் காணலாம். குதிக்க வேண்டும்; கால் தரையைவிட்டு எழுந்த அந்தக் கணத்திலேயே, ஸ்டிக்கைக் கீழ்ச்சாய்வாகப் பிடித்து, காற்றில் விலகும் பட்டனை அழுத்த வேண்டும். பாத்திரம் உடனே தரையில் பட்டு, நின்ற நிலையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். மெலீயில் தரையில் பட்டபின் 10 ஃப்ரேம் காத்திருப்பு. அதற்குப் பிறகு, வழுக்கியபடியே எந்த அடியையும் தொடங்கலாம். கற்பவர் ட்ரெய்னிங் மோடில் தனியாக நின்று இதைச் செய்துபார்க்கிறார். பட்டனைச் சீக்கிரம் அழுத்தினால் ஒன்றும் நிகழாது, தாமதித்தால் காற்றிலேயே விலகல் நடந்து அந்தரத்தில் தொங்குவார். ஃபாக்ஸுக்கு 3 ஃப்ரேம் பதுங்கலோடு பழகிய விரல், வேறு பாத்திரத்துக்கு மாறினால் மறுபடி தடுமாறும். தரைப்பிடிப்பு குறைந்த லூயிஜி வெகுதூரம் வழுக்கிப் போவதால், அவரை ஆடுபவர் மேடையின் தூரங்களையே புதிதாக அளந்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் 'குதி, சாய், அழுத்து' என்று வாய்க்குள் முணுமுணுத்தவர் ஒரு கட்டத்தில் 'அங்கே போக வேண்டும்' என்று மட்டுமே நினைக்கிறார். இடையிலிருந்த மூன்று கட்டளைகள் எங்கே போயின?

இந்திய மரபில் வைசேஷிகர்கள் இதற்கு ஒரு வகைப்பாட்டை வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரசஸ்தபாதர் 'சம்ஸ்காரம்' என்ற குணத்தை மூன்றாகப் பிரிக்கிறார். எறிந்த பொருளை மேலும் ஓடச் செய்யும் வேகம் ஒன்று. வளைத்த கிளையைப் பழைய நிலைக்குத் திருப்பும் தன்மை இன்னொன்று. அனுபவம் ஆன்மாவில் விட்டுச்செல்லும் தடமாகிய பாவனை மூன்றாவது. விட்டெறிந்த அம்பின் ஓட்டத்தையும் கற்றதன் பதிவையும் ஒரே இனத்தில் வைத்த துணிச்சல் வியக்கத்தக்கது. இரண்டிலும் முன்பு நடந்த செயல், தான் முடிந்த பிறகும் ஏதோ ஒரு வடிவில் நீடித்து, அடுத்ததை நடத்துகிறது. பாவனை எதனால் உறுதிப்படுகிறது என்பதற்கும் அவர் விடை வைத்திருக்கிறார்: அனுபவத்தின் கூர்மை, திரும்பத் திரும்பச் செய்தலாகிய அபியாசம், அக்கறை. அபியாசம் மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கவனமின்றி ஆயிரம் முறை வேவ்டேஷ் செய்பவர் தன் பிழையையும் சேர்த்தே உறுதிப்படுத்திக்கொள்கிறார் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார்.

இதுவரை சொன்னது தனியாக நின்று கற்பது. எதிரே ஒருவர் வந்ததும் அறிவின் பொருளே மாறிவிடுகிறது. முதல் ஃப்ரேமில் தாக்கும் அடியைக் கண்ணால் கண்டு தடுக்க முடியாது என்பதால், பார்த்துத் தடுப்பதற்குப் பதில் முன்கூட்டியே ஊகிக்க வேண்டியிருக்கிறது. இவர் மேடைக்குத் திரும்பும்போது எப்போதும் உயரே வருகிறாரா? அடிவாங்கியதும் பதறிக் குதிக்கிறாரா? ஆட்டக்காரர் கற்பது இப்போது இன்னொரு மனதை. அந்த இன்னொரு மனமும் இவரைக் கற்றுக்கொண்டிருக்கிறது. வார்னர் பிரதர்ஸின் 'மல்டிவர்சஸ்' இதை மேலும் ஒருபடி கொண்டுபோனது. பேட்மேனும் பக்ஸ் பன்னியும் டாம் அண்டு ஜெர்ரியும் ஒன்றுசேர்ந்த அந்தக் கேம் முதன்மையாக இருவருக்கு இருவர் என்றே திட்டமிடப்பட்டது. வொண்டர் வுமன் தன் கயிற்றை வீசி, விழுந்துகொண்டிருக்கும் கூட்டாளியை இழுத்துக்கொள்ளலாம். கூட்டாளி எப்போது தன்னால் திரும்ப முடியும், எப்போது முடியாது என்று தெரியாதவர் கையில் அந்தக் கயிறு வீண். அங்கே திறன் ஒருவரின் விரலில் முழுதாக அடங்கியிருக்கவில்லை. இருவருக்கும் நடுவே இருந்தது.

அடி வாங்குபவருக்கும் ஒரு கலை உண்டு. பறக்கும் தூரம் சூத்திரப்படியே அமைகிறது: வாங்கிய சதவீதம், அடியின் வலிமை, பாத்திரத்தின் எடை. ஆனால் அடி பட்டதும் வரும் அந்தச் சில ஃப்ரேம் உறைநிலை முடியும் நேரத்தில், அடிபட்டவர் ஸ்டிக்கை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறாரோ அதற்கேற்பப் பறக்கும் கோணம் சற்றே திரும்பும். மெலீயில் அதிகபட்சம் 18 பாகை வரை. இதற்கு 'டிஐ' என்று பெயர். அந்தச் சிறு திருப்பத்தில் உயிர் தப்பலாம். எதிராளி அதையும் எதிர்பார்த்து அடுத்த அடியை வைக்கலாம். விதிகளைப் படிக்கும் புதியவர், அடிவாங்கிய பிறகு ஸ்டிக்கிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுவார்; தன் முறை முடிந்தது என்று அவருக்குத் தோன்றும். செயலற்றுக் கிடக்கும் நேரம் என்று தான் நினைத்ததிலும் செய்வதற்கு ஒன்று இருக்கிறது என்பதைக் கைதான் முதலில் கற்கிறது.

செய்தவருக்கே எல்லாம் தெரியும் என்று நினைப்பது இயல்பு. இத்தாலியத் தத்துவவாதி ஜாம்பத்திஸ்தா விக்கோ 1710இல் அதையே கொள்கையாக நிறுத்தினார்: எதை ஒருவர் ஆக்கினாரோ அதையே அவர் முழுதாக அறிய முடியும். இயற்கையைக் கடவுள் அறிவார், ஏனெனில் அவர் படைத்தது. கணிதத்தை மனிதர் அறிவார்கள், ஏனெனில் அவர்கள் படைத்தது. அப்படியானால் ஒவ்வோர் எண்ணும் மனிதர் எழுதிய கேமை, எழுதியவர்தான் எல்லோரையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

மெலீயின் வரலாறு வேறு கதை சொல்கிறது. வேவ்டேஷ் எந்தக் கையேட்டிலும் இல்லாத நகர்வு. காற்றில் விலகுவது, தரைப்பிடிப்பு என்ற இரண்டு தனித்தனி விதிகள் சந்தித்த இடத்தில் அது தானாக முளைத்தது. இப்படி வழுக்க முடியும் என்பதை உருவாக்கும்போதே கவனித்ததாகச் சகுராய் பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார். ஆனால் அதை வைத்து ஆட்டக்காரர்கள் கட்டப்போகும் மாளிகை அவர் கண்ணுக்கு அன்று தெரிந்திருக்க வழியில்லை. சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் அறிந்தவருக்கு, அந்தச் சக்கரம் பல்லாயிரம் கைகளில் என்னவாகும் என்பது தெரியாமலே இருந்தது. 2008இல் வந்த அடுத்த பகுதியான 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரா'லில் காற்றில் விலகும் விதி மாற்றப்பட்டு வேவ்டேஷ் மறைந்தது. ஓடத் தொடங்கும்போது பாத்திரம் தற்செயலாக இடறி விழும் ஒரு விதியும் சேர்ந்தது. புதியவரும் பழகியவரும் சமமாகக் களிக்க வேண்டும் என்ற நோக்கம் நேர்மையானதுதான். ஆனாலும் மெலீ ஆடுபவர்கள் மெலீயை விடவில்லை. 13 ஆண்டுகள் கழித்து லுடோசிட்டி, நிக்கலோடியன் கேமில் வேவ்டேஷை வெளிப்படையான, வேண்டுமென்றே வைத்த விதியாகச் சேர்த்தது. ஆட்டக்காரர்களின் விரல்கள் கண்டெடுத்ததை, ஆக்குபவர்கள் பாடமாக ஏற்றுக்கொண்டார்கள். விக்கோவின் கொள்கைக்கு இங்கே ஒரு திருத்தம் வேண்டும். ஆக்கியவருக்கு விதிகள் தெரியும். விதிகள் சேர்ந்து உண்டாக்கும் உலகத்தை, அதில் வாழ்ந்தவர்களே அறிகிறார்கள்.

அந்த உலகம் நிலையானதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இன்றைய கேம்கள் இணையம் வழியாக மாறிக்கொண்டே இருக்கின்றன. ஓர் அடி 7ஆம் ஃப்ரேமில் தாக்கும் என்பது இன்று உண்மை, நாளைய அப்டேட்டுக்குப் பிறகு பொய். மனப்பாடம் செய்த அட்டவணை ஒரே இரவில் காலாவதியாகிறது. பழகியவரின் கையோ சில ஆட்டங்கள் தடுமாறிவிட்டு, புதிய அளவுக்குத் தன்னை ஒழுங்கு செய்துகொள்கிறது. ஸ்டான்லியும் வில்லியம்சனும் சொல்வதுபோல் திறன் என்பது உண்மைகளின் சேமிப்பே என்றால், உண்மைகள் பொய்யானதும் திறனும் அதே அளவு சரிந்திருக்க வேண்டும். அது சரிவதில்லை, வளைகிறது. ரைலின் பக்கம் சாய்வதற்கு இது வலுவான காரணம்.

வளைவதற்கும் எல்லை உண்டு என்பதை மல்டிவர்சஸ் காட்டியது. 2022 ஜூலையில் பொதுச் சோதனையாக வந்தபோது கோடிக்கணக்கானோர் ஆடினார்கள். 2023 ஜூன் 25 அன்று அதை இணையத்திலிருந்து எடுத்தார்கள். அன்ரியல் எஞ்சினின் புதிய பதிப்பில் மறுபடி கட்டி, 2024 மே 28 அன்று திரும்பக் கொண்டுவந்தார்கள். ஓட்டமும் அடியும் மந்தமாகிவிட்டதாகப் பழைய ஆட்டக்காரர்கள் வருந்தினார்கள். கடைசி சீசனில் வேகத்தைக் கூட்டியபோது பலர் இதைத்தானே கேட்டோம் என்றார்கள். அதற்குள் முடிவு அறிவிக்கப்பட்டுவிட்டது. 2025 மே 30 அன்று சர்வர்கள் மூடப்பட்டன.

மூடுவதற்கு முன் நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. பிப்ரவரி 4க்கும் மே 30க்கும் இடையில் உள்நுழைந்து கேமைத் தம் கருவியில் வைத்துக்கொண்டவர்கள், இணையம் இல்லாமலே ஒரே அறையில் அமர்ந்து தொடர்ந்து ஆடலாம். ஆகவே வொண்டர் வுமனின் கயிறு எப்போது வீசப்பட வேண்டும் என்று அறிந்த இருவர் அந்த அறிவை இன்றும் பயன்படுத்த முடிகிறது, அருகருகே இருந்தால். வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் கற்ற ஜோடிகளுக்கு அந்த வழி அடைபட்டது. எல்லா நிறுவனங்களும் இந்த அளவுக்குக்கூடச் செய்வதில்லை. யூபிசாஃப்டின் கார்ப் பந்தய கேமான 'தி க்ரூ'வின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று மூடப்பட்டபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களாலும் அதைத் தனியாகக்கூட ஓட்ட முடியாமல் போனது.

மறுபக்கத்தில் மெலீ நிற்கிறது. 2001இல் வட்டில் வந்தது, இணைய அப்டேட் என்பதே அதற்கு இல்லை. உலகம் அசையாமல் நின்றதால், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கற்பவர்கள் முந்தியவர்களின் தோளில் ஏறி நிற்க முடிந்தது. 2020இல், தொலைவில் இருப்பவர்களும் தாமதம் உறுத்தாமல் ஆடும்படி 'ஸ்லிப்பி' என்ற மென்பொருளை ரசிகர்களே உருவாக்கிக்கொண்டார்கள். ஓர் அறிவுக்குத் தேவையான உலகத்தை, அறிந்தவர்களே முன்வந்து காப்பாற்றிய நிகழ்ச்சி இது.

இங்கேதான் ரைலின் கேள்வி ஆக்ஸ்ஃபோர்டை விட்டுத் தெருவுக்கு வருகிறது. புத்தகத்தில் எழுதிய உண்மை, அது பேசும் பொருள் அழிந்த பிறகும் உண்மையாகவே இருக்கும். மூடப்பட்ட கேமின் ஃப்ரேம் டேட்டா அட்டவணையை நாளையும் படிக்கலாம். செய்யத் தெரிந்த அறிவு அப்படிப்பட்டதல்ல. அது ஓர் உலகத்தோடு பிணைந்தே உயிர்வாழ்கிறது. அந்த உலகத்தில் பிழை செய்யவும் திருந்தவும் இடம் இருக்கும்வரைதான் அது அறிவாக இயங்கும். விரலின் திறனை வெறும் பழக்கம் என்று கருதினால், சர்வரை மூடுவது ஒரு சரக்கைச் சந்தையிலிருந்து எடுப்பது மட்டுமே. அது அறிவு என்று ஒப்புக்கொண்டால், மூடுபவர் பல்லாயிரம் பேர் உழைத்துப் பெற்ற ஒன்றின் இருப்பிடத்தை எடுத்துவிடுகிறார்; அதற்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்வைத்த குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையொப்பங்களைக் கடந்தது. ஆதரவை நிறுத்தும்போது கேமை ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. அங்கே நடக்கும் விவாதம் பெரும்பாலும் நுகர்வோர் உரிமையின் மொழியில் நடக்கிறது: வாங்கியது யாருடையது, உரிமம் எதுவரை செல்லும். அந்தக் கேள்விகள் நியாயமானவை. அவற்றோடு கற்றவர்களின் உரிமையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஸ்பாஞ்ச்பாபை வைத்து வேவ்டேஷை விரலில் ஏற்றிக்கொண்ட சிறுவனும், வீணையில் கமகத்தை விரலில் ஏற்றிக்கொண்ட மாணவியும் ஒரே வகையான அறிவைத்தான் பெற்றிருக்கிறார்கள். மாணவியின் வீணையை எந்தக் கடைக்காரரும் திரும்ப வந்து எடுத்துக்கொண்டு போவதில்லை. சிறுவனுக்கும் அதே உறுதியைத் தரும்படி சட்டம் எழுதுவதற்கு, அவனிடம் இருப்பது அறிவுதான் என்று சட்டம் எழுதுபவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.